இரவல் கோழி

1

கேட்டைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. அலுவலகம் கொடுத்திருந்த நீலக் குடையைக் காவலாளியின் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்தால் வேலைக்கும் திரும்பிப் போனதாக ஆகிவிடும் என்று நனைந்துகொண்டே நடந்தேன்.

"கோ சலீம்! குடை! குடையை மறந்துட்டீங்க!" என்று காவலாளி பர்மியில் கத்தினார். கோ என்பது இங்கே அண்ணன் மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது.

"மறக்கலை. அவங்களோடது. அங்கேயே இருக்கட்டும்."

"மழை நின்னதும் திருப்பிக் குடுத்தா போதாதா? கலாக்காரங்களுக்கு ரோஷம் வந்தா சளியும் கூடவே வரும்."

இந்தியச் சாயல் உள்ள எல்லாரையும் இங்கே கலா என்பார்கள். சிலர் ஏசுவதற்குச் சொல்வார்கள், இவர் வாஞ்சையாகச் சொன்னார். நான் கையை ஆட்டிவிட்டு ஏரிக்கரைச் சாலையில் இறங்கினேன். பஸ் வந்தது, ஏறவில்லை. ரங்கூனில் லத்தா பக்கம் இருக்கும் என் வீடு வரை நடந்தே போவது என்று வைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தால் மும்தாஜிடம், அதாவது என் மனைவியிடம், வேலையை விட்டதைச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட நடைதான் வசதி.

விட்டது துபாஷி வேலை, ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது. வங்காள தேசத்து முகாம்களில் இருந்த ரோஹிங்கியா மக்களைப் பத்திரமாக, அவர்கள் சம்மதத்தோடு, பர்மாவுக்குத் திரும்ப அழைத்துவர வெளிநாட்டுக்காரர்கள் ரங்கூனில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். வருகிற வியாழக்கிழமை ஒரு படகில் ரஹீமா என்ற பெண் கைக்குழந்தையோடு எல்லையில் ஓடும் நாஃப் ஆற்றைக் கடந்து வருவாள். கரையில் நின்று அவளைப் பார்த்து, "விருப்பத்தோடுதான் வந்தீர்களா?" என்று அவள் மொழியில் நான் கேட்க வேண்டும். அதற்குத்தான் முடியாது என்றேன்.

2

இதெல்லாம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இதை இப்போது எழுத வைத்தது ஒரு டேபிள் ஃபேன்.

போன மாதம் என் தங்கை மாப்பிள்ளை ஊரிலிருந்து ரங்கூனுக்கு வந்திருந்தார். தொண்டியை விட்டு நான் கிளம்பியபின் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. அவர் வருவதற்கு முந்தின நாள் மும்தாஜ் அடுத்த வீட்டில் ஃபேன் இரவல் வாங்கினாள், மாடி வீட்டில் கம்பளம் வாங்கினாள். இரவில் விருந்தாளி தங்கினால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்கு நான் போய் வரிசையில் நின்றேன். "எத்தனை நாள்? எதற்காக வருகிறார்?" என்றார்கள். "என்னைப் பார்க்க" என்றேன். "உன்னைப் பார்த்து என்ன செய்வார்?" என்றார் குமாஸ்தா. அது வேடிக்கையாகச் சொன்னதா, விசாரணையா என்று தெரியவில்லை.

என் மகள் ஃபர்சானா சின்ன வயதில் என்னை வாப்பா என்றுதான் கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் போனதும் அது பர்மியப் பேபே ஆயிற்று. தமிழ் சொன்னால் புரியும், பதில் பர்மியில் வரும். மச்சான் அவளிடம், "ஏம்மா, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்றார். அவள், "யாபாதே, மாமா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். மச்சான் என்னைப் பார்த்தார். "நல்லாப் படிக்கிறேங்குறா" என்றேன். சொந்த மகளுக்கும் துபாஷி வேலைதான்.

மச்சான் இருந்த இரண்டு நாளும் மின்சாரம் வரவில்லை. ஃபேன் சும்மா நின்றது. ஆனாலும் அவர் ஊருக்குப் போய், "ரங்கூன்ல சலீமு நல்லா இருக்காரு. கம்பளம், ஃபேனு, ரெண்டு வேளையும் இறைச்சி" என்று சொல்லியிருக்கிறார். தங்கை போனில் சொல்லி மகிழ்ந்தாள். "சந்தோஷம்" என்று நானும் சொல்லிவிட்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வழியில்தான் ரஹீமாவின் புருஷன் ஷம்சு நினைவுக்கு வந்தான்.

3

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தோணியில் ஏறி, கப்பலில் எண்ணெய் துடைத்து, சிட்டகாங் துறைமுகத்தில் நாலைந்து வருடம் மூட்டை தூக்கினேன். அங்கே என்னோடு தூக்கியவர்கள் பேசிய மொழிதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. பர்மாவின் மேற்கே அராக்கானில் ரோஹிங்கியாக்கள் பேசுவதும் கிட்டத்தட்ட அதுவே. ரங்கூனுக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணான மும்தாஜைக் கட்டி, கிடைத்த வேலை எல்லாம் செய்துகொண்டிருந்தபோது, "அராக்கான் பக்கத்துப் பேச்சும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும்" என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். என்னுடையது கப்பல் இங்கிலீஷ். வினைச்சொல் இருக்கும், காலம் இருக்காது. அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்த வெளிநாட்டுப் பெண்ணின் பெயர் எல்சா. நல்ல மனுஷி. வெயிலில் நின்றால் தக்காளி மாதிரி ஆகிவிடுவாள், ஆனாலும் நிழலுக்குப் போக மாட்டாள். முதல் நாளே எனக்கு இரண்டு விதி சொன்னாள். அரசாங்க ஆட்கள் கூட இருக்கும்போது ரோஹிங்கியா என்ற சொல்லை எடுக்கக் கூடாது, "திரும்பியவர்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, அவர்கள் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது.

திரும்பிப் போகச் சொன்னால் முகாமில் இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் அல்லவா? அதனால் முகாமிலிருந்து சில ஆண்களைக் கூட்டி வந்து, ஏற்கெனவே திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டி, மறுபடி முகாமில் கொண்டு விடுவார்கள். "நீங்களே பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று ஏற்பாடு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதில் எங்கே ஓட்டை என்று கேட்டால் ஏற்பாட்டின் பக்கம் விரலைக் காட்ட எனக்குத் தெரியாது.

4

அப்படி வந்தவர்களில் ஒருவன் கரீம், ரஹீமாவின் அண்ணன். ஆற்றின் இந்தக் கரையில் மாங்டோவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவன் பார்க்க வேண்டியது தன் தங்கை வீட்டுக்காரன் ஷம்சுவை. ஷம்சு தன் தாயோடு முன்னாலேயே திரும்பியவன். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் ரஹீமா அண்ணனோடு முகாமில் தங்கிவிட்டாள். கரீம் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால் அவள் வருவாள். அண்ணன் சொல்லாமல் அசைய மாட்டாள்.

நாங்கள் மூன்று வண்டியில் போய் இறங்கினோம். எல்சா, நான், கரீமும் அவனோடு வந்தவர்களும், அரசாங்க ஆட்கள். ஷம்சு வெள்ளை முழுக்கைச் சட்டையில் வாசலுக்கு வந்து கரீமைக் கட்டிக்கொண்டான். மூங்கில் தட்டி வீடு. உள்ளே புதுப் பாய். பாயில் சோறு, கோழிக்கறி, வறுத்த மிளகாய். கறி வைத்திருந்த அலுமினியப் பானையை நான் கவனித்தேன். திரும்பி வரும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் அலுவலகம் கொடுத்த பானை அது, அடியில் மீன் முத்திரை இருக்கும்.

"இன்னும் ஒரு துண்டு போட்டுக்குங்க மச்சான்."

"போதும்டா. முகாம்ல பருப்பத் தின்னுத் தின்னு வயிறே சுருங்கிப்போச்சு. இவ்வளவையும் பார்த்துப் பயப்படுது."

"வயித்துக்கு என்ன பயம்? தின்னாப் பழகிடும். ரஹீமா அடுப்புல நின்னா இதைவிட நல்லா இருக்கும்."

"அவ சமைச்சா உப்பு தூக்கலா இருக்கும். நாங்க தப்பிச்சாப் போதும்னுதானே உனக்குக் கட்டிக் குடுத்தோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் இங்கிலீஷில் சொன்னதும் எல்சாவும் சிரித்தாள். அவள் ஷம்சுவிடம் கேட்டாள், நான் மொழிபெயர்த்தேன். சிரமம் ஏதும் உண்டா? "அல்லாஹ் காப்பாத்துறான்." மனைவி வர வேண்டும் என்று விரும்புகிறீர்களா? ஷம்சு கரீமின் தட்டைப் பார்த்தபடி, "எந்த ஆம்பளைக்குத்தான் அந்த ஆசை இருக்காது?" என்றான். சொன்னதை அப்படியே சொன்னேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. ஓடிப் போனேன்.

வீட்டில் பாய் இல்லை. எதிர்வீட்டுக்காரன் அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தான். கழுவாத பானையை ஒரு கிழவர் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் போனார். ஷம்சு இடுப்புத் துணியோடு நின்று, கழற்றிய சட்டையை மடித்து ஒருவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். தட்டியின் பின்னால் ஒரு விதவைப் பெண் கோழி இறகுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியாம். வெற்றுத் தரையில் என் குடை மட்டும் கிடந்தது.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டு ஆள் வந்தால் வெறும் சோறு போட்டு அனுப்ப எங்கள் பக்கத்திலும் யாருக்கும் மனம் வராது. ஊரே சேர்ந்து ஒருவன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அரசாங்கம் சொல்லிச் செய்ததல்ல. யாரும் மிரட்டவில்லை.

5

"உங்க பானை என்னாச்சு?" என்றேன் ஷம்சுவிடம்.

"அரிசிக்குக் குடுத்தாச்சு. அரிசி இல்லாம பானையை வச்சு என்ன பண்றது, கொட்டடிக்கவா?"

"நிலம்?"

"அதோ வேலி தெரியுதே, அதுக்கு அந்தப் பக்கம். இப்ப வேற ஆளுங்க. இது அடுத்தவன் வரப்பு."

"மச்சான்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கோழிக்கறி தின்னுட்டு இருக்கிறவன்கிட்டயா?" என்று சிரித்தான். பிறகு வண்டிகள் நின்ற பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தான். "சலீம் பாய், ரோடு போடுறாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு கல்லு சுமக்கணும், கூலி கிடையாது. எனக்கு முடியாத அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க. ரஹீமா வந்தா அந்த மாதிரி நாள்ல அவதான் போகணும், கைப்புள்ளையோட. பக்கத்து ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு, வைத்தியனைப் பார்க்கவும் சீட்டு. மழை முடிஞ்சு ரோட்டு வேலை ஓயட்டும். அப்புறம் வரட்டும். அது மட்டும் அவகிட்டப் போய்ச் சேர்ந்தாப் போதும்."

"வர வேண்டாம்னே சொல்லிடவா?"

"அங்கே இருந்தா மட்டும் என்ன? ரேஷனைக் குறைக்கப் போறாங்களாம். வேண்டாம்னும் என்னால சொல்ல முடியலை. அவ வந்து நின்னா நான் சந்தோஷப்படுவேன் பாய். அதுதான் பயமா இருக்கு."

வண்டியில் ஹாரன் அடித்தார்கள். கரீம் முன் வண்டியில் அரசாங்க ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மாங்டோ வரை அவனை நெருங்க முடியவில்லை. கரையில் படகேறும்போது, அவர்கள் பக்கத்திலேயே நிற்க, என் கையைப் பிடித்தான். "பாய், என் தங்கச்சி வீட்டுல நல்லா சாப்பிட்டேன்" என்றான். அவன் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. தெரிந்துதான் சொன்னானோ என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். தெரிந்திருந்தாலும் வேறு எதைச் சொல்லியிருப்பான்? தன் தங்கை புகுந்த வீட்டில் பாய்கூட இரவல் என்று முகாமில் பத்துப் பேர் முன்னால் சொல்வானா?

6

ரங்கூன் திரும்பிச் சில வாரம் கழித்து அலுவலகத்தில் எல்சா சொன்னாள். கரீம் முகாமில் நல்லபடியாகப் பேசியிருக்கிறான், ரஹீமா வருவதற்குச் சம்மதம் சொல்லிவிட்டாள், வியாழக்கிழமைப் படகு. அதற்கு முன்பே நான் இரண்டு தடவை எல்சாவிடம் இதைப் பேச முயன்றிருந்தேன். எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்தார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

என் இங்கிலீஷில் அது, "சிக்கன், லோன்" என்று வந்தது. அவள் முகம் மலர்ந்தது. கோழி வளர்க்கக் கடன் கொடுப்பது நல்ல யோசனை, அடுத்த திட்டத்தில் சேர்க்கலாம் என்றாள். நான் பாயைச் சுருட்டிக் காட்டினேன், சட்டையைக் கழற்றுவதாகக் காட்டினேன். மெதுவாகப் புரிந்தது. முகம் வெயில் இல்லாமலே சிவந்தது.

"அவர் மனைவி வர வேண்டாம் என்று உங்களிடம் சொன்னாரா?"

"இல்லை. மழை முடிந்து வரட்டும் என்றார்."

"யார் முன்னால்?"

"குடை முன்னால்."

அவள் சிரிக்கவில்லை. "சலீம், ஒரு குடும்பத்தைப் பார்த்து 'இப்போது வராதே' என்று நான் சொல்லி அனுப்ப முடியாது. 'வா' என்றும் சொல்ல முடியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் அது அவர்கள் முடிவாக இருக்காது. அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை."

"கோழி கட்டாயப்படுத்திவிட்டது."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "அங்கே ரேஷனைக் குறைக்கிறார்கள். அது என் கையில் இல்லை. இங்கே ரோட்டு வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்பதற்காவது இங்கே இருக்கிறோம். நாளைக்கு நாங்களும் போய்விட்டால் யார் கேட்பார்கள்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய் சொல்கிற ஆளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரஹீமா அங்கே இருந்தாலும் பசி, இங்கே வந்தாலும் கல். நடுவில் ஓர் ஆறு, அந்த ஆற்றைக் கடக்க மட்டும் உதவி உண்டு.

"வியாழக்கிழமை கரையில் நீங்கள் வேண்டும்" என்றாள். "உங்களைப் போல் கேட்க வேறு ஆள் இல்லை."

"நான் வரலை" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

7

நனைந்து வந்த என்னை மும்தாஜ் துண்டால் துடைக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"வேலையை விட்டுட்டீங்களாக்கும்?"

"எப்படித் தெரியும்?"

"குடையக் காணோமே. வேலையை விட்டுட்டு வர்ற அன்னிக்கெல்லாம் ஏதாவது ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வருவீங்க. போன தடவை செருப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபர்சானா அப்போது சின்னப் பிள்ளை, சோற்றில் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மும்தாஜ் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க போகலைன்னா வேற ஒருத்தன் போய்க் கேப்பான். பதிலு மாறவா போவுது?" என்றாள்.

"மாறாது."

"பின்ன? படகை விட்டு இறங்குற பொம்பளைக்கு அவ பேச்சுல ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். இப்ப அதுவும் இல்லை."

ஷம்சுவின் சொல் ரஹீமாவிடம் போய்ச் சேர இருந்த ஒரே பாதை அந்த அலுவலகம். அதன் கேட்டைச் சாத்திவிட்டு வந்தவன் நான்தான். வியாழக்கிழமை கரைக்குப் போயிருந்தாலும் அவள் அதற்குள் படகை விட்டு இறங்கியிருப்பாள்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு லட்சுமணன் எட்டிப் பார்த்தான். பாட்டன் காலத்திலிருந்து ரயில்வே வேலை பார்த்த தமிழ்க் குடும்பம், இவன் மட்டும் லாரிக்கு வந்துவிட்டவன். பர்மியர்களிடம் அவன் பெயர் கோ மின்.

"என்னண்ணே, நாளைக்கும் மழையில நடக்கப் போறீங்களா, இல்ல வேலை எதுனா வேணுமா? ஊருக்கு வெளிய ஷ்வேப்யிதா ஃபேக்டரில அவசரத்துக்கு ஆளு எடுக்குறான். விடியக்காலம் லாரி போவுது."

"என்ன ஃபேக்டரி?"

"என்னவோ தகரமோ அலுமினியமோ. தூக்கினா கனமா இருக்காதுண்ணே, ஒங்க வயசுக்கு நல்லது."

காலையில் போனேன். நீளமான கொட்டகை. சுத்தியல் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்காது. மேஸ்திரி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலா, முடிச்சுப் போடத் தெரியுமா?"

"கப்பல்ல போட்டிருக்கேன்."

"அப்ப வா. பெரிய பானைக்குள்ள சின்னது, மேல மூடி, கரண்டி. ஆடாம கட்டணும். குடும்பத்துக்கு ஒரு கட்டு."

பானையை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் மீன் முத்திரை.

"எங்கே போகுது?"

"மேற்கே. இன்னிக்கே லாரி ஏறணும், வியாழக்கிழமைக்குள்ள வேணுமாம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுச் சுருளை என் பக்கம் உருட்டினார்.

உட்கார்ந்து முதல் கட்டைக் கட்டினேன். கைக்குழந்தையோடு இருக்கிறவள் ஒரு கையால் இழுத்தாலும் அவிழ வேண்டும் என்று, முனையை இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சாகப் போட்டேன். மேஸ்திரி வந்து அதைத் தூக்கிக் குலுக்கினார். மூடி நழுவித் தரையில் உருண்டது.

"இது வழியிலேயே அவிழ்ந்துடும். இறுக்கிக் கட்டு."

மூடியை எடுத்து வைத்து, இரண்டு சுற்று அதிகம் சுற்றி, இறுக்கிக் கட்டினேன்.